அப்பன் தொழிலுக்கு ஐந்து நாள் பயிற்சி!

இப்பொழுது எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும், எந்த மந்திரி மேடை ஏறினாலும் ஒரே உபதேசமாய் இருக்கின்றது. "காலம் மாறிவிட்டது, யந்திரம் பெருகிவிட்டது, கம்ப்யூட்டர் தானே கணக்கு எழுதுகின்றது, தானே கடிதம் எழுதுகின்றது, தானே படமும் போடுகின்றது, ஆதலால் தொழிலாளிகளே! புதிய திறமைகளைக் கற்றுக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சோற்றுக்குத் திண்டாடுவீர்கள்" என்பதே அந்த உபதேசம். இதில் நமக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. யந்திரம் வரக்கூடாது என்று நாம் ஒரு நாளும் சொன்னதில்லை. இராட்டினத்தைச் சுற்றிக்கொண்டு இராம ராஜ்யத்துக்குத் திரும்பிப் போவோம் என்று சொன்னவர்களிடம் நமது இயக்கம் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. மனிதன் மாட்டைப்போல் பாடுபடும் வேலையை யந்திரம் செய்யட்டும், மிச்சப்படும் நேரத்தில் அவன் மனிதனாய் வாழட்டும் என்பதே நமது கொள்கை. பெரியார் "இனிவரும் உலகம்" எழுதியதும் இந்த நம்பிக்கையின் மேல்தான்.

நாம் கேட்பதெல்லாம் ஒரே ஒரு கேள்வி. புதிய திறமை, புதிய திறமை என்கின்றார்களே, எந்தத் திறமை யாருக்கு என்பதை எதை வைத்து முடிவு செய்கின்றார்கள்? பிள்ளையின் ஆசையை வைத்தா, புத்தியை வைத்தா, நாட்டின் தேவையை வைத்தா, அல்லது அவன் அப்பன் என்ன செய்தான் என்பதை வைத்தா?

இந்தக் கேள்விக்கு டில்லி சர்க்கார் 2023-ஆம் வருஷம் செப்டம்பர் 17-ஆம் தேதி பதில் சொல்லிவிட்டது. அந்தத் தேதியையும் கவனியுங்கள். அது பெரியார் பிறந்த நாள். தமிழ்நாட்டு சர்க்கார் 2021 முதல் சமூக நீதி நாள் என்று கொண்டாடி வந்த நாள். அதே நாளைத்தான் வடநாட்டில் விஸ்வகர்மா என்னும் தெய்வத் தச்சனுக்கும் பண்டிகை என்கின்றார்கள். அன்றைக்கு "பிரதமர் விஸ்வகர்மா" என்று ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஐந்து வருஷத்துக்கு 13,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 18 தொழில்கள். ஐந்து முதல் ஏழு நாள் வரை அடிப்படைப் பயிற்சி. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் படி. ஆயுதம் வாங்க 15,000 ரூபாய். முதலில் ஒரு லட்சமும் பிறகு இரண்டு லட்சமும் 100-க்கு 5 வட்டியில் கடன். 18 வயது நிரம்பியிருந்தால் போதும். குரு-சிஷ்ய பரம்பரையையும் குடும்ப வழியாக வரும் தொழிலையும் பலப்படுத்துவது இதன் நோக்கம் என்று சர்க்காரே வெளியிட்டது. நாமாகக் கட்டிச் சொல்லும் அர்த்தம் அல்ல.

அந்த 18 தொழில்கள் எவை? தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், சிற்பி, கொத்தர், செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், துணி வெளுப்பவர், பூமாலை கட்டுபவர், தையற்காரர், மீன்வலை பின்னுபவர், படகு கட்டுபவர், கூடை பாய் துடைப்பம் முடைபவர், பொம்மை செய்பவர், பூட்டுச் செய்பவர், சுத்தியல் முதலிய கருவி செய்பவர், கவசமும் ஆயுதமும் செய்பவர். (கடைசியில் சொன்னவர் எந்த ராஜாவின் யுத்தத்துக்காகத் தேவைப்படுகின்றார் என்பது நமக்கு விளங்கவில்லை.) இந்த ஜாபிதாவை ஒரு கிராமத்துக் கிழவரிடம் வாசித்துக் காட்டிப் பாருங்கள். இது எந்த வருஷத்துத் திட்டம் என்று அவரால் சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு முன் ஊர்க் கோடியில் யார் யார் குடியிருந்தார்கள் என்ற கணக்கு என்றுதான் சொல்லுவார். செல்போன் பழுது பார்ப்பது இதில் இல்லை. மின்சார வண்டியின் பாட்டரி பழுது பார்ப்பது இல்லை. சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் தகட்டைக் கூரையில் பொருத்துவது இல்லை. குளிர்சாதனப் பெட்டியும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. மாறுகின்ற காலத்துக்கு ஆள் தயாரிக்கும் லட்சணம் இது!

"ஜாதிச் சர்ட்டிபிகேட்டு யாரிடமும் கேட்கவில்லையே, அந்தத் தொழில் செய்கிற யாரும் மனுப் போடலாமே, இதில் ஜாதி எங்கே வந்தது?" என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் கேட்கின்றார்கள். நியாயமான கேள்விபோலவே தோன்றும். ஆனால் நம் நாட்டில் துணி வெளுப்பதைக் "குடும்ப வழித் தொழில்" என்று சொன்ன பிறகு தனியாக ஜாதி ஒன்றைக் கேட்க என்ன இருக்கின்றது? முதலியார் வீட்டுப் பிள்ளை வெளுக்கும் தொழிலில் பரம்பரை காட்ட முடியுமா? ஐயர் வீட்டுப் பிள்ளை செருப்புத் தைப்பதில் குரு-சிஷ்ய பரம்பரை காட்டுவானா? தொழிலின் பெயரே ஜாதியின் பெயராக இருக்கும் தேசத்தில், "தொழிலைத்தான் கேட்டோம், ஜாதியைக் கேட்கவில்லை" என்பது வீட்டு விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஊரைக் கேட்கவில்லை என்பது போன்றது.

மற்றொன்றும் சொல்லிவிடுகின்றோம். இன்றைக்கு 50 வயதில் உலைக்களத்தில் உட்கார்ந்திருக்கும் கொல்லருக்குக் குறைந்த வட்டியில் கடன் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கொடுக்கட்டும். வட்டியே இல்லாமல் கொடுக்கட்டும். இத்தனை காலம் இந்த நாடு அவர் கையில் அரிவாளும் ஏரும் வாங்கிக்கொண்டு அறுவடைக் களத்தில் நாலு மரக்கால் நெல்லைத் தூக்கிப் போட்டதற்கு அது பரிகாரம்கூட ஆகாது. நமது சண்டை அவரைப் பற்றியது அல்ல. அவருடைய 18 வயது மகனைப் பற்றியது. அந்த வயதில்தான் அவன் பிளஸ் டூ பாஸ் செய்துவிட்டு, காலேஜுக்குப் போவதா பாலிடெக்னிக்குக்குப் போவதா என்று நிற்கின்றான். காலேஜில் நாலு வருஷம் சம்பளம் கட்ட வேண்டும், பஸ்ஸுக்குப் பணம் வேண்டும், புஸ்தகம் வேண்டும். அந்தச் சமயம் பார்த்து ஒருவன் வந்து, "இதோ ஒரு லட்சம், உன் அப்பன் சம்மட்டியையே எடுத்துக் கொள்" என்றால் கடனில் இருக்கும் குடும்பம் என்ன செய்யும்? தகப்பனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாயிலில் கயிற்றைக் கட்டியவனைத்தான் கேட்க வேண்டும்.

இந்த வயதுப் பிள்ளைகளைப் படிப்பில் நிறுத்தி வைத்ததுதான் தமிழ்நாடு செய்த காரியம். 2021-22-ஆம் வருஷத்து அகில இந்திய உயர்கல்விக் கணக்கின்படி சேர்க்கை விகிதம் இந்தியா முழுவதற்கும் 28.4; தமிழ்நாட்டுக்கு 47. இது ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. தடுக்க வந்தவர்களோடு ஒவ்வொரு படியிலும் மல்லுக்கு நின்று வாங்கியது.

அப்படி நின்ற ஒரு படியை வாலிபர்கள் மறந்திருக்கலாம். ஆகையால் சற்று விரிவாகச் சொல்லுகின்றோம். 1953-ஆம் வருஷம் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாய் இருந்தவர் ராஜகோபாலாச்சாரியார். அந்த வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரம்தான் படிப்பு. மற்ற நேரத்தில் தகப்பனோடு போய் அவன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டியது. இதற்கும் அன்றைக்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? வெறும் ஏட்டுப் படிப்பு உதவாதாம், கைத்தொழில் வேண்டுமாம், பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லையாம், ஆகையால் இரண்டு வேளையாய்ப் பிரித்தால் எல்லோருக்கும் இடம் கிடைக்குமாம். இன்றைக்குத் "திறன் மேம்பாடு" என்கின்றவர்கள் சொல்லும் வார்த்தைகளுக்கும் இதற்கும் கடுகளவாவது வித்தியாசம் இருக்கின்றதா?

அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று சரியான பெயரை நம்மவர்கள் வைத்தார்கள். வைத்த பெயரே பாதி வேலையைச் செய்தது. கிராமத்துக்கு மட்டும் ஏன்? பட்டணத்து வக்கீல் மகன் மூன்று மணிக்குப் பிறகு கோர்ட்டுக்குப் போய் வக்காலத்து எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டபோது பதில் சொல்ல ஆள் இல்லை. திராவிடர் கழகம் நாடெங்கும் கிளர்ச்சி செய்தது. கட்சி வேறுபாடு பாராமல் பலரும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954-இல் ஆச்சாரியார் பதவியை விட்டார். ஏப்ரலில் காமராசர் முதல் மந்திரியானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அன்றைக்கு அந்த மூன்று மணி நேரம் நிலைத்திருந்தால், இன்றைக்கு இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் எழுத்துக் கூட்டியாவது படிப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நிற்க. அப்பன் தொழில் மகனைக் காப்பாற்றும் என்பதாவது உண்மையா? 1963-இல் டில்லி சர்க்கார் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டு வந்தபொழுது நாடெங்கும் பொற்கொல்லர்கள் ஒரே உத்தரவில் வேலையிழந்து தெருவில் நின்றார்கள். தலைமுறை தலைமுறையாய் வந்த குரு-சிஷ்ய பரம்பரை அன்றைக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்றவில்லை. எழுத்தறிவு இருந்தவனுக்குத்தான் வேறு தொழிலுக்குப் போக வழி இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு தொழில் அழுக்காகவும் கூலி குறைவாகவும் இருக்கும் வரையில்தான் அது "பரம்பரை". அதில் சம்பளமும் கௌரவமும் வந்த மறுநாளே பரம்பரை பறந்துவிடும். நாவிதர் வீட்டுப் பெண்கள்தான் ஊர் முழுவதற்கும் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவச்சி என்ற பெயரே அவர்களுக்குத்தான் இருந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகளும் அவர்கள் கையில்தான் முதலில் விழுந்தன. கைம்மாறாகத் தீட்டு என்று கொல்லைப்புற வழியாக வரச் சொன்னார்கள். பிறகு பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அதற்குப் படிப்பும் பட்டமும் மாதச் சம்பளமும் உண்டாயிற்று. அப்பொழுது, "இது உங்கள் குலத்தொழில், உங்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் நர்சு காலேஜில் முதல் இடம்" என்று யாராவது சொன்னார்களா? ஒருவரும் சொல்லவில்லை. படித்துப் பாஸ் செய்தவர்தான் நர்சு என்றார்கள். அது சரியே, நாமும் அதைத்தான் சொல்லுகின்றோம். கத்திக்கு மட்டும் பரம்பரை, தெர்மாமீட்டருக்குப் பரீட்சை என்று வைத்த சூழ்ச்சியைத்தான் கேட்கின்றோம்.

முடி வெட்டும் தொழிலும் அப்படியே. மரத்தடியில் உட்கார்ந்து வெட்டினால் அது நாவிதம். கண்ணாடிக் கதவு போட்டு, குளிர்சாதனம் வைத்து, ஒரு தலைக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினால் அது அழகுக் கலை. அந்தக் கண்ணாடிக் கடைகளின் முதலாளிகள் எந்தப் பரம்பரையில் வந்தவர்கள்? விஸ்வகர்மா ஜாபிதாவில் பெயர் இருக்கின்றவனா? அவன் பெரும்பாலும் அங்கே கூலிக்கு வெட்டிக்கொண்டிருக்கின்றான். தொழில் ஓங்கும்போது முதலும் கடையும் மற்றவர்களுக்கு. தொழில் நலியும்போது ஐந்து நாள் பயிற்சியும் 15,000 ரூபாய்ப் பெட்டியும் இவனுக்கு.

தோல் தொழிலைப் பார்ப்போம். 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அதன் தலைவராயிருந்து, தோல் பதனிடுவதை ஒரு விஞ்ஞானமாக்கி உலகம் முழுவதும் பெயர் வாங்கியவர் நாயுடம்மா. அவர் ஆந்திராவில் குண்டூர் ஜில்லாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பாட்டனார் தோல் ஊற வைத்தாரா? இல்லை. இரசாயனம் படித்தார், தோலின் சங்கதி விளங்கிற்று. அவ்வளவுதான். கோயமுத்தூர் ஜி.டி.நாயுடுவும் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவர். 1937-இல் இந்த நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டிய முயற்சியில் அவர் முன்னின்றார். மோட்டாருக்கு எந்த விஸ்வகர்மா குருவாக இருந்தான்? இஞ்சினியரிங் படிப்புக்கு இத்தனை வருஷம் வேண்டியதில்லை, சீக்கிரமே சொல்லிக் கொடுக்கலாம் என்று வாதாடியவரும் அவர்தான். ஆகையால் பயிற்சி ஐந்து நாளா ஐம்பது நாளா என்பதில்கூட நமக்கு வீம்பு இல்லை. தெரியாத புதுத் தொழிலைப் பத்து நாளில் சொல்லிக் கொடுத்தாலும் மெச்சுவோம். இருபது வருஷமாய் செய்கிற தொழிலையே ஐந்து நாள் சொல்லிக் கொடுத்துச் சர்ட்டிபிகேட்டு நீட்டுவதைத்தான் பித்தலாட்டம் என்கின்றோம்.

இப்பொழுது நம் நாட்டில் பெரம்பலூர்ப் பக்கத்திலும் இராணிப்பேட்டைப் பக்கத்திலும் ஏற்றுமதிக்குச் செருப்புச் செய்யும் பெரிய ஆலைகள் வருகின்றன. அங்கே வடிவம் வரையும் ஆள் வேண்டும், அச்சு வார்க்கும் ஆள் வேண்டும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் தெரிந்த ஆள் வேண்டும், யந்திரம் பழுது பார்க்கும் ஆள் வேண்டும். செருப்புத் தைப்பவர் மகனுக்குச் செருப்புத் தொழில்தான் என்று வைத்துக்கொண்டாலும், இந்தப் படிப்பை அல்லவா அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும்? ஊசியும் வாரும் வாங்கக் கடன் கொடுத்து, பழைய புளிய மரத்தடியிலேயே உட்காரச் சொல்லுவது எந்தப் பொருளாதாரத்துக்குத் தயார் செய்வதாகும்?

குலத்தொழிலில் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் அந்த 18-இல் ஒரு தொழிலை மாத்திரம் சேர்க்க மறந்துவிட்டார்கள். கோவில் அர்ச்சகர் தொழில் பரம்பரைத் தொழில் அல்லவா? குரு-சிஷ்ய முறையில் வருவது அல்லவா? அதற்கு ஏன் ஐந்து நாள் பயிற்சியும் 15,000 ரூபாய்க்கு மணியும் தட்டும் கொடுத்து, மற்றக் கைத்தொழிலாளர் வரிசையில் நிற்க வைக்கவில்லை?

ஏனென்றால், அந்தத் தொழிலில் பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்த கதை. 1970-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை அர்ச்சகர் வேலைக்குப் பரம்பரைப் பாத்தியதை இல்லை என்று சட்டம் செய்தது. சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 1972-இல் அந்தக் கோர்ட்டு பரம்பரைப் பாத்தியதையை ஒழித்தது செல்லும் என்றது. ஆனால் ஆகமம் என்ற முட்டுக்கட்டையை அப்படியே விட்டது. 2006-இல் எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று உத்தரவு போட்டு, பயிற்சிப் பள்ளிகளும் திறந்தார்கள். 200 பேருக்கு மேல் ஒழுங்காகப் படித்துத் தேறினார்கள். தேறியவர்கள் வேலைக்காக வருஷக் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2021 ஆகஸ்டு 14-ஆம் தேதிதான் அவ்வாறு பயின்ற 24 பேருக்கு நியமன உத்தரவு கொடுக்க முடிந்தது. அதன் பேரிலும் வழக்கு. மற்ற எந்தத் தொழிலுக்கும், "பயிற்சி பெற்றவனுக்கு வேலை கொடுக்காதே" என்று இந்த நாட்டில் கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டா? கோவிலே வேண்டாம் என்கின்ற நமக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்பார்கள். கோவிலுக்குப் போக நமக்கு ஆசை இல்லை. ஆனால் கற்றவனுக்குக் கதவு திறக்குமா, பிறந்தவனுக்குத் திறக்குமா என்பதற்கு அதைக் காட்டிலும் நல்ல பரீட்சை வேறு இல்லை.

இனித் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. "திறமை" என்ற சொல் எப்போதும் நம் நன்மைக்கே சொல்லப்படுகின்றது என்று நம்பிவிடாதீர்கள். 1928-இல் தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி நாகப்பட்டினத்துப் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றிற்று. ஆயிரக்கணக்கான ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்தது. அதற்குக் கம்பெனி கண்டுபிடித்த உபாயம் தொழில் திறமைச் சோதனை. வருஷக் கணக்கில் அதே யந்திரத்தில் வேலை செய்தவனைப் பார்த்து, உனக்கு வேலை தெரியுமா என்று பரீட்சை வைத்தார்கள். தொழிலாளர்கள் மறுத்தார்கள், ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் மூண்டது, தோழர் சிங்காரவேலர் முதலானோர் சிறை சென்றார்கள். பிற்காலத்தில் "குடி அரசு" பக்கங்களில் விஞ்ஞானமும் பொதுவுடைமையும் எழுதி நமக்குக் கண் திறந்தவர் அந்தச் சிங்காரவேலர்தான்.

இன்றைக்கும் அதே உபாயம் வேறு உடுப்பில் வருகின்றது. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டீஸ் சட்டப்படி பயிற்சி பெறுகின்றவன் தொழிலாளி அல்ல. ஆகவே தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்புப் பெரும்பாலும் அவனுக்கு இல்லை. தொழிற்சாலைக்குள் மற்றவனோடு தோளுக்குத் தோள் நின்று அதே வேலையைச் செய்வான். சம்பளப் பட்டியலில் மாத்திரம் மாணவன்! ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் செல்போன் செய்யும் ஆலைகளில் நம் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கின்றார்கள். வீட்டை விட்டு வெளியேறி, சொந்தச் சம்பாத்தியத்தில் நிற்கும் அந்தப் பெண்களைப் பார்த்து நமக்குப் பெருமையே உண்டாகின்றது. ஆனால் மூன்றாம் வருஷமும் அவள் கையில் அதே திருகுதானா? அந்த யந்திரம் நின்று போனால் திறந்து பார்க்க அவளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றார்களா, அதற்கு ஓர் ஆணைத் தனியே வரவழைக்கின்றார்களா? நாளைக்கு அந்தத் திருகை ரோபோ முடுக்கினால், அவள் ரோபோவை நடத்துவாளா, பஸ் ஏறி ஊருக்குப் போவாளா? புதுத் திறமை பற்றிப் பேசுகின்றவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்று இருக்கின்றது. மலக்குழியிலும் சாக்கடைக் குழியிலும் தக்க பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்குவது குற்றம் என்று 2013-இல் சட்டம் செய்தார்கள். அதற்குப் பின்னும் குழிக்குள் இறங்கிச் சாகின்றார்கள். 2018-இல் திருவனந்தபுரத்தில் வாலிப இஞ்சினியர்கள் சிலர் குழிக்குள் இறங்கி அள்ளும் யந்திரம் ஒன்றைச் செய்து காட்டினார்கள். அதை எல்லா முனிசிபாலிட்டியும் வாங்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் வாங்கிய பிறகு கவனியுங்கள். மேலே நின்று, உடம்பில் அழுக்குப் படாமல், பொத்தானை அழுத்தும் அந்த வேலைக்குச் சம்பளம் ஏறும். உடனே அதற்கு ஒரு சர்ட்டிபிகேட்டு வேண்டும் என்பார்கள். இத்தனை நாள் குழிக்குள் இறங்கினவனிடம் அது இருக்காது. ஆகவே அந்த யந்திரத்தை நடத்தும் பயிற்சியும் நிரந்தர வேலையும் அவனுக்கே முதலில் கொடுக்கப்பட வேண்டும். "குலத்தொழில் கூடாது என்ற நீங்கள் இங்கே மட்டும் அவனுக்கே கொடு என்கிறீர்களே" என்று குதர்க்கம் பேசுவோருக்குச் சொல்லுகின்றோம்: அது அவன் உயிரைப் பணயம் வைத்ததற்குச் சேர வேண்டிய பாக்கி. அவன் மகனுக்கோ அந்த யந்திரத்தின் பக்கமே வேலை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவன் அடுத்த யந்திரத்தை வரைகின்றவனாகட்டும், அல்லது வேறு எதுவாவது ஆகட்டும்.

நமது மாகாண சர்க்கார் செய்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை எடு, வயதை 35-ஆக உயர்த்து என்று 2024 ஜனவரியில் முதல் மந்திரி ஸ்டாலின் டில்லிக்கு எழுதினார். கேட்ட மாற்றங்களை ஏற்காத பதிலே வந்தது. 2024 நவம்பரில், இந்த உருவத்தில் தமிழ்நாட்டில் நடத்த முடியாது என்று திருப்பி எழுதினார். பிறகு 2025 ஏப்ரல் 19-ஆம் தேதி குன்றத்தூரில் "கலைஞர் கைவினைத் திட்டம்" தொடங்கப்பட்டது. 25 தொழில்கள், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, 3 லட்சம் வரை கடன், அதில் நாலில் ஒரு பங்கு, 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியம், அப்பன் தொழில் என்ன என்ற கேள்வி கிடையாது. இது பாராட்டத் தக்கது. பிள்ளையைக் காலேஜுக்கு விட்டுவிட்டுத் தகப்பனுக்கு உதவுவது என்பதுதான் முறை. 2022-இல் வந்த "நான் முதல்வன்" திட்டமும், 71 சர்க்கார் ஐ.டி.ஐ.களில் ரோபோ முதலிய புது யந்திரங்களை வைத்ததும் சரியான திசையிலேயே இருக்கின்றன.

ஆனால் பாராட்டோடு நிறுத்திக்கொள்ள நமக்கு இஷ்டமில்லை. அப்பன் தொழிலைக் கேட்கவில்லை என்பது காகிதத்தில் சரி. நடப்பில் அந்தக் கடனை வாங்கி, பிறப்பை மாற்றிக்கொண்டு தொழில் செய்தவர்கள் எத்தனை பேர்? ஆதிதிராவிடர் ஒருவர் அக்கிரகாரத் தெரு முனையில் முடி வெட்டும் கடை வைத்திருக்கின்றாரா? கவுண்டர் வீட்டுப் பிள்ளை ஒருவன் வெளுப்புக் கடைக்குக் கடன் வாங்கியிருக்கின்றானா? தச்சுவேலைக்குக் கடன் வாங்கிய பெண்கள் எத்தனை பேர்? ஐ.டி.ஐ.யில் புது யந்திரத்தின் முன் நிற்கும் பிள்ளைகளில் பெண்கள் எத்தனை பேர், தையல் வகுப்பில் எத்தனை பேர்? இந்தக் கணக்கை வருஷம் தோறும் அச்சிட்டு வெளியிட வேண்டும். வகுப்புவாரிக் கணக்கு வெளியானால்தான் யார் எங்கே உட்கார்ந்திருக்கின்றார்கள் என்பது தெரியும் என்று நமது இயக்கம் தொண்டை கிழியக் கத்தியது உத்தியோகத்துக்கு மட்டுமல்ல. தொழிற்பயிற்சிக்கும் அது பொருந்தும்.

கிராமத்துத் தோழர்களே! மே 1-ஆம் தேதி கிராம சபை கூடும். வழக்கம்போல் தண்ணீரையும் தெருவிளக்கையும் பேசி முடித்த பிறகு எழுந்து நின்று மூன்று சங்கதிகள் கேளுங்கள். நம் ஊரில் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் மேலே படிக்கப் போகாமல் நின்றவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், நின்றதற்குப் பணமா, பஸ்ஸா, வேறு யாருடைய வார்த்தையா காரணம்? பக்கத்து ஐ.டி.ஐ. எங்கே இருக்கின்றது, அதில் என்ன என்ன வகுப்பு உண்டு, விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்பதைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வைத்தார்களா? நம் ஊர்ச் சாக்கடையில் போன வருஷம் இறங்கினவர் யார்? பதில் வந்தாலும் வராவிட்டாலும், கேட்டபோது யார் முகம் எப்படிப் போயிற்று என்பதையும் சேர்த்து நமக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம் என்றால் அதை எடுத்துவிட்டுப் பிரசுரிக்கின்றோம்.